பழுது என்று ஒட்டிய டிரைவ்

அந்த வீட்டில் இரண்டு பட்டப்பெயர்கள் புழக்கத்தில் இருந்தன. மூத்த மகனுக்கு 'லேபிள்' என்று பெயர். இளைய மருமகளுக்கு 'ரப்பர்' என்று பெயர். முதலாவது பெயரை அதற்குரியவர் விருதைப்போல ஏற்றுக்கொண்டிருந்தார். இரண்டாவது பெயரை அதற்குரியவள் எட்டு மாதங்களாக விழுங்கிக்கொண்டிருந்தாள், அது செரித்தபாடில்லை.

லேபிள், கட்டடங்களில் உள்ள லிஃப்டுகளைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் உத்தியோகத்தில் இருப்பவர். அவரிடம் கைக்கு அடக்கமான ஒரு லேபிள் அச்சு இயந்திரம் உண்டு. 'கூடத்து விளக்கு', 'சர்க்கரை', 'இது உப்பு', 'கதவு (தள்ளவும்)' என்று வீடு முழுவதும் வெள்ளை நாடாக்கள் ஒட்டியிருக்கும். மதியத் தூக்கத்தில் இருந்த தன் தம்பியின் நெற்றியில் ஒருமுறை 'தம்பி' என்று ஒட்டி வைத்தவர் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் அன்று சிரித்தாள். தம்பி என்பது அவளுடைய கணவன்தான்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் வீட்டுக்குப் பொதுவான ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று இருந்தது. மேல் மாடியில் இளையவர்கள், கீழ்த் தளத்தில் மூத்தவர்களும் மாமியாரும் என்று இரண்டு குடித்தனங்களின் படங்கள், காணொளிகள், அலுவலகக் கோப்புகள் அனைத்தும் அதில்தான் சேமிக்கப்பட்டன. அதன் நிர்வாகி லேபிள். ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்துக்காக வீட்டிலிருந்தபடியே வரைபடங்கள் வரைந்துகொடுத்துவந்த அவளிடம், "லேப்டாப்லேயே வச்சிருந்தா என்னைக்காவது கெட்டுப்போயிடும்மா, பெட்டியில போடு, நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னவரும் அவரே. மூத்தார் சொல்கிறாரே என்று அவளும் இரண்டாண்டு உழைப்பை அப்படியே அதில் வைத்தாள்.

எட்டு மாதங்களுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அவளும் கணவனும் உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார்கள். திங்கட்கிழமை திரும்பி வந்து பார்த்தபோது 'வரைபடங்கள்' என்ற கோப்புறை பெட்டியில் இல்லை. மற்றவை எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

"வெள்ளிக்கிழமை கடைசியா உள்ள போனது நீதானேம்மா. அவசரத்துல கை தவறி அழிச்சிருப்பே" என்றார் லேபிள், மிகுந்த பரிவுடன்.

"நான் அழிக்கல அத்தான்."

"அழிச்சேன்னு யாராவது தெரிஞ்சா சொல்லுவாங்க? தெரியாமத்தான் நடக்கும்."

அத்துடன் அவர் நிறுத்தியிருந்தால் அவளும் ஒருவேளை மறந்திருக்கக்கூடும். ஆனால் அவர் உதவி செய்யவும் முன்வந்தார். கட்டடக் கலைஞருக்கு அனுப்ப வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை, தன் நாற்காலியில் சாய்ந்தபடி, வரிவரியாகச் சொல்லி எழுதவைத்தார். 'எனது கவனக்குறைவினால்' என்ற சொற்களை அவர் இரண்டு முறை சேர்க்கச் சொன்னார். கடிதம் போன வாரத்திலேயே, பாதி வரைந்திருந்த மருத்துவமனைக் கட்டடத்தின் வேலை வேறொருவர் கைக்குப் போயிற்று. பெட்டியில் எழுதவும் மாற்றவும் அவளுக்கு இருந்த அனுமதியை அவர் நீக்கிவிட்டார். இனிப் பார்க்க மட்டும் செய்யலாம். ஓரகத்தி டிவி ரிமோட்டைக் கொடுக்கும்போதுகூட, "பார்த்துடி ரப்பர், சேனலையே அழிச்சிடாதே" என்பாள். மாமியார் வாய்விட்டுச் சிரிப்பார். கணவனும் சிரிப்பான், அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

அவள் அழவில்லை. கறுவிக்கொண்டாள். அந்தப் பெட்டியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித்தேடிப் படித்தாள். சேமித்த கோப்புகளைத் தவிர, பெட்டி தன்னைத் தானே இயக்கிக்கொள்ளும் சிஸ்டத்தையும் தனக்குள் செருகிய டிரைவ் ஒவ்வொன்றிலும் எழுதி வைத்துக்கொள்கிறது; யார் எப்போது உள்ளே வந்தார், என்ன செய்தார் என்ற பதிவேடும் அந்தச் சிஸ்டத்துடன்தான் இருக்கிறது. இதை அறிந்த நாளன்று அவள் பதிவேட்டைக் காட்டும்படி பணிவாகக் கேட்டாள். "பெட்டியை அப்புறம் புதுசா அமைச்சாச்சும்மா, பழைய பதிவெல்லாம் இல்ல" என்று அவர் பணிவாகவே பதிலளித்தார். ஏன் புதிதாக அமைக்க வேண்டி வந்தது என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, மனத்தில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

இப்படியிருக்க, லேபிள் நான்கு டிரைவ்கள் பொருத்தக்கூடிய புதிய பெட்டி ஒன்றை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, தேநீருடன், திறப்பு விழா என்று அறிவித்தார். ஆனால் வியாழக்கிழமை ஒரு லிஃப்டின் இயந்திர அறையில் எக்கிப் பார்த்ததில் அவர் கழுத்து சுளுக்கிக்கொண்டது. கழுத்துப் பட்டையோடு அலமாரிக்குள் குனிய அவரால் இயலவில்லை. தம்பிக்கோ சனிக்கிழமையும் வேலை. ஆகவே வீட்டில் மிஞ்சியவள் ரப்பர்தான்.

"நீ கை, நான் தலை" என்று சனிக்கிழமை மதியம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார் லேபிள். "சொல்றதை மட்டும் செய். சொந்தமா யோசிச்சுடாதே."

"சரிங்க அத்தான்."

புதிய பெட்டிக்கு, உள்ளே எதுவும் சுழலாத, சத்தமே போடாத இரண்டு சிறிய சிப் டிரைவ்கள் வந்திருந்தன. அவற்றோடு, பழைய பெட்டியிலிருந்து கழற்றிய பெரிய டிரைவ் ஒன்றும், அதற்குத் துணையாகப் புதிதாக வாங்கிய பெரிய டிரைவ் ஒன்றும். சிஸ்டத்தைச் சிறியவற்றில் மட்டும் வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். "சிஸ்டம் சும்மா இருக்காதும்மா, எதையாவது எழுதிக்கிட்டே இருக்கும். பெரிய டிரைவ்ல வச்சா அது எந்நேரமும் கரகரன்னு சத்தம் போடும், ஆயுசும் குறையும். சின்னதுல வச்சா பெரியது நிம்மதியா தூங்கும்" என்று விளக்கினார். அந்த ஏற்பாட்டில் பிழை ஒன்றும் இல்லை என்பதை அவள் மனத்துக்குள் ஒப்புக்கொண்டாள். பகையாளி சொன்னாலும் சரி சரிதான்.

அவர் சொன்னபடி, முன்னாலிருந்து பார்க்கையில் பெரியவற்றை இடதுபுறமும் சிறியவற்றை வலதுபுறமும் செருகியானதும் ஒன்று முதல் நான்கு வரை அச்சிட்ட நாடாக்களை நீட்டினார். "சின்னது ரெண்டும் ஒண்ணு, ரெண்டு. பெட்டிக்குப் பின்னாடி போய் நில்லு. உன் இடது கைப் பக்கத்துலேர்ந்து வரிசையா ஒட்டு."

"பின்னாடி நின்னா? முன்பக்கத்துலதானே அத்தான் ஒட்டணும்?"

"எட்டி முன்னாடி ஒட்டு. எண்ணுறது மட்டும் பின்னாடிலேர்ந்து. லிஃப்ட் போர்டுல வயரிங் எல்லாம் பின்பக்கம்தான். முப்பது வருஷமா நான் அங்கேருந்துதான் எண்ணுறேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு லிஃப்ட் விழுந்திருக்கா?"

விழவில்லை என்பதால் அவளும் அப்படியே ஒட்டினாள்.

மடிக்கணினித் திரையில், சிஸ்டம் டிரைவ்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் வந்தது. டிரைவ் 1, 2, 3, 4 என்று நான்கு வரிகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு கட்டம்.

"ஒண்ணுலயும் ரெண்டுலயும் டிக் போடு."

"ஸ்டிக்கர்ல இருக்கிற ஒண்ணா, திரையில இருக்கிற ஒண்ணா அத்தான்?"

"ஒண்ணுன்னா ஒண்ணுதாம்மா! உலகத்துல எத்தனை ஒண்ணு இருக்கு?"

அவள் இரண்டு கட்டங்களிலும் குறியிட்டாள். உடனே சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை எழுந்தது: தேர்ந்தெடுத்த டிரைவ்களில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா? ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் 'கண்டுபிடி' என்று ஒரு பொத்தான் இருந்தது. டிரைவ் 1-க்கு எதிரே அதை அழுத்தினாள். பெட்டியில் ஒரு விளக்கு மினுக்கத் தொடங்கியது. அது மினுக்கிய இடத்தில் 4 என்று ஒட்டியிருந்தது.

டிரைவ் 2-க்கு அழுத்தினாள். 3-ஆம் ஸ்டிக்கர் மினுக்கியது.

பெட்டி முன்பக்கத்திலிருந்து எண்ணுகிறது. மூத்தார் பின்பக்கத்திலிருந்து எண்ணுகிறார். திரை சொல்லும் 1-இல் இருப்பது சிப் டிரைவ் அல்ல. மூத்தாருடைய எட்டு மாத ஆய்வறிக்கைகளும் குடும்பத்தின் படங்களும் அடங்கிய பெரிய டிரைவ். அவற்றுக்கு இன்னும் வேறு நகல் எடுக்கவில்லை என்று அவரே காலையில் சொல்லியிருந்தார்.

அவள் விரல் 'தொடர்க' என்ற பொத்தானின் மேல் நின்றது. ஒரே ஓர் அழுத்தம். பிறகு எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன் அத்தான்" என்று பணிவாகச் சொல்லலாம். சொந்தமாக யோசிக்கக்கூடாது என்பது அவருடைய கட்டளைதானே! அந்த இன்பம் நாக்கில் இனிப்புப் போல ஒரு கணம் கரைந்தது.

அவளைத் தடுத்தது இரக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். செய்யாத குற்றத்துக்குத்தான் அவளுக்கு ரப்பர் என்று பெயர் வைத்தார்கள். இப்போது அழித்தால் அந்தப் பெயர் உண்மையாகிவிடும், அவரே ஜெயித்ததாகிவிடும். அந்த வெற்றியை அவருக்குக் கொடுக்க அவள் சித்தமாக இல்லை. குறிகளை நீக்கி, 3-க்கும் 4-க்கும் மாற்றினாள்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு அத்தான்."

சிஸ்டம் சிறிய டிரைவ்களில் ஏறத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் அவள் திரும்பிப் பார்த்தாள். அலமாரியின் மூலையில் பழைய பெட்டி கிடந்தது. இரண்டே இரண்டு டிரைவ்கள் கொண்டது. அதன் முகப்பிலும் ஸ்டிக்கர்கள் இருந்தன. முன்னாலிருந்து பார்க்கையில் இடதுபுறம் 2, வலதுபுறம் 1.

"அத்தான், அந்தப் பழைய பெட்டியில எப்பவாவது டிரைவ் எதையாவது கழட்டி மாத்தினீங்களா?"

"அதுவா? ஆச்சு எட்டு மாசம்" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. கழுத்துப் பட்டையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்கு வேறெங்கும் பார்க்க வழியில்லை. "ரெண்டாவது டிரைவ் பழுதுன்னு காட்டிச்சு. கழட்டிட்டுப் புதுசு போட்டேன். அது மேசை டிராயர்லதான் கிடக்கு. நல்லவேளை ஞாபகப்படுத்தினே, பழைய சாமான் எடுக்கிறவர் வந்தா போட்டுடு."

அவரே கை காட்டிய டிராயரிலிருந்து அவள் அதை எடுத்தாள். 'பழுது. எறியவும்' என்று அச்சிட்ட நாடா அதன் மேல் பளிச்சென்று இருந்தது. அதன் கீழே பழைய நாடா ஒன்றும் இருந்தது: 2.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்தி வந்தது. பெட்டி 2 என்று சொன்னது வலதுபுற டிரைவை. அவர் கழற்றியது இடதுபுற டிரைவை. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான நகல்கள். நல்லதைப் பிடுங்கிவிட்டு, நோயாளியிடமிருந்து புதிய டிரைவுக்கு நகல் எடுக்க வைத்திருக்கிறார். நோயாளி பாதி வழியில் உயிரை விட்டிருக்கிறது. அன்று அலுவலகத்தில் வைத்திருந்த பழைய நகலைக் கொண்டு படங்களையும் தன் அறிக்கைகளையும் மீண்டும் நிரப்பிவிட்டார். அவளுடைய வரைபடங்களுக்கு நகல் எடுக்க அவருக்குத் தோன்றியதில்லை. பெட்டி தன் கையில் செத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் தலையில் கட்டிவிட்டார்.

மாலையில் லேபிள் மருந்து போட்டுக்கொண்டு உறங்கினார். அவள் புதிய பெட்டியை நிறுத்தி, நான்கு டிரைவ்களையும் உருவி, வரிசை மாறாமல் துணியின் மேல் வைத்தாள். 'பழுது' டிரைவை மட்டும் செருகி, பெட்டியை இயக்கினாள். தன்னிடம் உள்ள சிஸ்டத்தைக் கொண்டே ஒரு டிரைவ் பெட்டியை எழுப்பிவிடும் என்று அவள் படித்திருந்தாள். படித்ததை நம்பி, பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

திரையில் பழைய நுழைவுப் பக்கம். அவளுடைய பழைய பாஸ்வேர்டை இட்டாள், கதவு திறந்தது. அனுமதிகள் பறிக்கப்படாத, ரப்பர் என்று யாரும் அழைக்காத, எட்டு மாதங்களுக்கு முந்தைய அந்த வார இறுதி அங்கே அப்படியே உறைந்து நின்றது. 'வரைபடங்கள்': நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். கடைசியாக வரைந்த மருத்துவமனைப் படிக்கட்டின் பன்னிரண்டாவது படிவரை எல்லாம் இருந்தது. அவள் முதலில் அனைத்தையும் தன் மடிக்கணினிக்கும் இன்னொரு சிறு டிரைவுக்கும் நகலெடுத்தாள். இனி யாரையும் நம்பி எதையும் வைப்பதில்லை.

பதிவேட்டைத் திறக்க முயன்றாள். அது நிர்வாகிக்கு மட்டும் உரியது என்றது பெட்டி. அவள் புன்னகை செய்தாள். நல்லது, அதை அவர் கையாலேயே திறக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. மடிக்கணினியை டிவியுடன் இணைத்து, மூத்தாரின் மடியில் வைத்தாள் அவள். மாமியார் சோபாவின் நடுவில் அமர்ந்திருந்தார். ஓரகத்தி தேநீர்க் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தபடி, "ரப்பர் தொட்டும் பெட்டி உயிரோட இருக்கா? ஆச்சரியம்தான்!" என்றாள்.

"உயிரோட இருக்குக்கா. நீங்களே பாருங்க" என்றாள் அவள்.

லேபிள் பாஸ்வேர்டை இட்டார். பெட்டி மறுத்தது. மீண்டும் இட்டார், மீண்டும் மறுத்தது.

"என்னடா பெரியவனே, உன் வீட்டுக்கே உன்னை விட மாட்டேங்குதா?" என்றார் மாமியார்.

"பழைய பாஸ்வேர்ட் போட்டுப் பாருங்க அத்தான். எட்டு மாசத்துக்கு முன்னாடி வச்சிருந்தீங்களே, அது."

சபையின் முன் திணறிக்கொண்டிருந்த மனிதர், யோசிக்காமல் அதை இட்டார். டிவியில் கோப்புறைகள் விரிந்தன. குடும்பப் படங்கள், லிஃப்ட் அறிக்கைகள், வரைபடங்கள்.

முதலில் பேசியவன் அவள் கணவன். "ஏய், இது உன்னோடது இல்ல? அழிஞ்சு போச்சே?"

"அழியலைங்க. அத்தானோட டிராயர்ல இருந்தது."

லேபிளின் கை மடிக்கணினியை மூட நகர்ந்தது. அவள் அதைவிட மென்மையாகத் திரையின் விளிம்பில் தன் கையை வைத்தாள். "ஒரு நிமிஷம் அத்தான். பதிவேடுன்னு ஒரு பக்கம் இருக்கு, தயவுசெஞ்சு அதை அமுக்குங்க. எனக்கு அனுமதி இல்ல."

"அது எதுக்கும்மா இப்ப…"

"அமுக்கேன்டா" என்றார் மாமியார். "பயந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கே?"

அவர் அமுக்கினார். வேறு வழி இருக்கவில்லை. கழுத்துப் பட்டை அவரை நேரே டிவியைப் பார்க்கவைத்தது. முகத்தைத் திருப்பக்கூட முடியவில்லை.

அவள் எழுந்து நின்று, சபையில் கடிதம் வாசிப்பவள்போல வாசித்தாள். "சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது. இரண்டாவது டிரைவ் பழுதடைகிறது. பத்து ஐந்து. நிர்வாகி எச்சரிக்கையைப் படித்தார். பத்து பன்னிரண்டு. நிர்வாகி பெட்டியை நிறுத்தினார். அதுக்கப்புறம் எட்டு மாசம் ஒண்ணும் இல்ல. அடுத்த வரி நேத்து தேதி. நாங்க ரெண்டு பேரும் ஊருக்குக் கிளம்பினது வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை பத்து பன்னிரண்டுக்கும் என் வரைபடம் எல்லாம் பத்திரமா இருந்திருக்கு. அப்ப, நான் வெள்ளிக்கிழமை எதை அழிச்சேன் அத்தான்?"

மாமியார் தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பழுதுன்னு நீங்க கழட்டினது நல்ல டிரைவ். பின்னாடிலேர்ந்து எண்ணிட்டீங்க. அதுல தப்பில்ல, யாருக்கும் நடக்கும். தெரியாமத்தான் நடக்கும்." அவருடைய பழைய சொற்களை அவள் ஓர் எழுத்தும் குறையாமல் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா பெட்டி செத்துப்போனது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எனக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தீங்க."

"நீங்களா?" என்றாள் ஓரகத்தி தன் கணவனைப் பார்த்து. "அப்ப நான் இத்தனை நாள் இவளை…" என்றவள், முடிக்காமல் தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள்.

"குடும்பத்துக்குள்ள நடந்தது" என்று தொண்டையைச் செருமினார் லேபிள். "விட்டுடலாமே. இப்ப என்ன, மன்னிப்புக் கேக்கணுமா? கேட்டுடறேன்."

"ஐயோ, பெரியவங்க நீங்க மன்னிப்பெல்லாம் கேக்கக்கூடாது" என்றாள் அவள். "காத்துல போயிடும். லேபிள் அடிச்சுக் கொடுங்க."

அவள் அச்சு இயந்திரத்தை ஏற்கெனவே மேசையின் மேல் கொண்டுவந்து வைத்திருந்தாள். அதில் புதிய நாடாச் சுருள் போட்டிருந்தாள். அவர் கண்ணை மட்டும் உருட்டித் தம்பியைப் பார்த்தார். தம்பி வேறு பக்கம் பார்த்தான். தாயைப் பார்த்தார்.

"அடிடா" என்றார் தாய்.

அவள் அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். "நான் சொல்லச் சொல்ல அடிங்க அத்தான். 'இது நல்ல டிரைவ்.'"

டக் டக் என்று எழுத்துகள் விழுந்தன.

"'தவறாகக் கழற்றியவன் நான்.'"

"இடம் பத்தாதும்மா."

"ரெண்டு வரியா போடுங்க. 'பழி போட்டவனும் நானே.' தேதியும் போட்டுடுங்க. நீங்கதானே சொல்லுவீங்க, தேதி இல்லாத லேபிள் செல்லாதுன்னு."

நாடா கரகரவென்று வெளியே வந்தது. அவள் பெட்டியை நிறுத்தி, டிரைவை உருவி அவர் கையில் கொடுத்தாள். 'பழுது. எறியவும்' என்பதைத் தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்து, புதியதை அவரே ஒட்டினார். கோணலாக ஒட்டினார், அவள் உரித்து நேராக ஒட்டச் சொன்னாள். அதுவும் நடந்தது.

மருத்துவமனைக் கட்டட வேலை திரும்பி வரவில்லை. கட்டடக் கலைஞருக்கு அவள் பதிவேட்டின் படத்துடன் இரண்டாவது கடிதம் ஒன்று அனுப்பினாள். 'வருந்துகிறோம்' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பெட்டியின் நிர்வாகி இப்போது அவள். லிஃப்ட் அறிக்கை ஒன்றை மாற்ற வேண்டுமானால் மூத்தார் மாடி ஏறி வந்து, "ஒரு நிமிஷம் அனுமதி கொடும்மா" என்று கேட்க வேண்டும். அவள் கொடுத்துவிடுகிறாள்; உடனடியாக அல்ல, கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு. அவர் நின்றுகொண்டிருப்பார். கணவன் இரண்டு வாரம் அவளைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தான், அவள் திரும்பவில்லை. மூன்றாவது வாரம்தான் திரும்பினாள்.

அந்த டிரைவ் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், எழுத்து வெளியே தெரியும்படி நிற்கிறது. போன வாரம் விருந்தினர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுவதுமாக வாசித்துவிட்டார். அவர் போனதும் மாமியார், "எல்லாரும் படிக்கிறாங்கம்மா. எடுத்து உள்ள வச்சிடேன்" என்று கெஞ்சினார்.

"தொடாதீங்க அத்தை" என்றாள் அவள், மிகவும் மரியாதையாக. "அது சிஸ்டம் டிரைவ். அதை எடுத்துட்டா இந்த வீடு ஓடாது."